வசந்தி மூக்குத்தி போட்டிருந்த புத்தகம்

கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் சரளமாக வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது ஆறாம் வகுப்பு. அம்மாவும் சித்தியும் எழுத்துக்கூட்டி ஒரு வரியைக் கடப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். அதனால், அம்மா சமையலுக்குப் போகும் வெள்ளவத்தை வீட்டில் பழைய புத்தகங்களோடு ஒரு நாவலைக் கொடுத்துவிட்டபோது, அது நேரே என் கைக்கு வந்தது.

எங்கள் ஏழரை மணி டிவி நாடகத்தைத்தான் யாரோ நாவலாக எழுதியிருந்தார்கள். கதாநாயகி வசந்தியின் கணவன் கப்பலுக்குப் போனவன், தகவல் இல்லை. அவள் தினமும் வாசலில் விளக்கேற்றிக் காத்திருப்பாள். நாடகம் மாதக்கணக்காக அந்த விளக்கைத் தாண்டவில்லை. புத்தகத்தில் எப்படியும் முடிவு இருக்கும் அல்லவா? அடுத்த வீட்டு மாமிகூட வாசிப்புக் கேட்க ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் பக்கத்திலேயே மாமி கையைத் தூக்கினார்.

"மூக்குத்தியா? டிவியில வசந்திக்கு ஏது மூக்குத்தி? இதை எழுதினவன் நாடகமே பாத்திருக்க மாட்டான்."

"இவ்வளவு கதைக்கவும் மாட்டாளே," என்றார் அம்மா. "அவள் அழத்தானே செய்வாள்."

நான் வாசிப்பது உப்புச்சப்பில்லாமல் இருக்கிறதென்று, சோகமான இடங்களில் மாமி வாயாலேயே வயலின் வாசித்தார்.

சித்தி மட்டும் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கட்டாருக்கு வேலைக்குப் போன சித்தப்பாவிடமிருந்து இரண்டு வருடமாகப் போன் இல்லை. சித்தி எங்களோடுதான் இருந்தார். மாதம் ஒருமுறை, யாரும் உடுக்காத சித்தப்பாவின் சேர்ட்டுகளைத் தோய்த்து, காயப்போட்டு, மடித்து வைப்பார்.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்தது. வசந்தி விளக்கை அணைக்கிறாள். வீட்டைப் பூட்டுகிறாள். தையல் வேலை தேடி வேறு ஊருக்கு பஸ் ஏறுகிறாள்.

"பொய்! வசந்தியாவது போறதாவது!" மாமி துள்ளி எழுந்தார். "டேய், நீ என்னடா சேர்த்துச் சேர்த்து வாசிக்கிறாய்?"

"போன கிழமையும் ரெண்டு பக்கம் தாண்டி வாசிச்சவன்தான்," என்று அம்மாவும் சேர்ந்துகொண்டார். அது உண்மை. அன்றைக்குக் கிரிக்கெட் இருந்தது. ஆனால் இன்றைக்கு நான் ஒரு சொல்லையும் விடவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சித்தி எழுந்தார். "புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா."

மூலைக் கடைக்குப் போனோம். கடைக்கார நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே பக்கத்தை வாசித்தார். அதே விளக்கு, அதே பூட்டு, அதே பஸ்.

"மகன் சரியாத்தான் வாசிச்சிரிக்கிறார் தங்கச்சி."

"அதுக்குப் பிறகு என்ன போட்டிருக்கு நானா?" என்று கேட்டார் சித்தி.

அவர் பக்கத்தைப் புரட்டினார். "வேலைக்குப் போறா. மொத நாளே விரல்ல ஊசி ஏறிடுது."

"திரும்பி வந்திட்டாளா?"

"இல்ல. துணி சுத்திக்கொண்டு மறுநாளும் போறா."

சித்தி "ம்" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் என் வெற்றியை அறிவித்தேன். மாமி அசையவில்லை. "அப்ப எழுதினவனுக்குத்தான் கொழுப்பு." நாடகம் தொடங்கியிருந்தது. டிவியில் வசந்தி வழக்கம்போல விளக்கேற்றினாள். "பாத்தியா, இங்கதான் இருக்கிறாள்!" என்று மாமி கைதட்டினார். டிவி சரியா, புத்தகம் சரியா என்று நான் யாரைக் கேட்பது? திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே வந்திருந்த சித்தி டிவியைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார். இன்னமும் என் வாசிப்பில் சந்தேகம்தான் போலும் என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த சித்தி, கார்மண்ட் தொழிற்சாலைத் தையல் வேலைக்கான ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். நான்தான் நிரப்பினேன். எழுத்து கோணாமல் இருக்கவேண்டும் என்பது ஒன்றே என் கவலை.

அந்த மாதம் எங்கள் கொடியில் சித்தப்பாவின் சேர்ட்டுகள் காயவில்லை. மழை என்பதால் தோய்க்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.