வேண்டிக்கொண்ட முடி

சீப்பைத் தலையில் வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. வைத்தால் கொத்தாக வந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் முந்தானையில் நாலு இழை கிடந்தது. சோற்றில் முடி கிடந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற என் வீட்டுக்காரர், அதை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் சாப்பிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். பேசாமல் இருந்ததுதான் அழ வைத்தது.

அழகு போகிறதே என்று நான் அழவில்லை. பேரன் பேத்தி எடுக்கிற வயசில் அழகென்ன வேண்டிக்கிடக்கிறது. அந்த முடி என்னுடையது இல்லை. மலைமேல் இருக்கிறவருக்கு நான் வேண்டிக்கொண்ட முடி.

என் மகளுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடின. மருமகனுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, குடித்தனம் திருப்பதியில். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி வாசலில் நின்று மலை இருக்கிற பக்கம் கும்பிட்டு, "எம் பொண்ணு கையில ஒரு புள்ளயக் குடு சாமி, என் தலமுடி மொத்தமும் உனக்கு" என்றேன். இடுப்பைத் தாண்டுகிற பின்னல் எனக்கு. சித்தூரில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் சேலையை மேலே போட்டுக் காட்ட முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். என்னிடம் இருந்ததில், கொடுக்க மனசு வராத பொருள் அது ஒன்றுதான். அதனால்தான் அதைச் சொன்னேன்.

சாமி கேட்டுவிட்டார். மூன்றாவது முறை தங்கியது. அந்த நேரம் பார்த்து எனக்குச் சர்க்கரை மாத்திரைக்கு அடங்காமல் போக, டாக்டரம்மா வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்கிற ஊசியை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை அடங்கியது. கூடவே பசியும் செத்துப்போனது. ஒரு இட்லி தின்றால் அடுத்ததைப் பார்க்கவே பிடிக்காது. உடம்பு மளமளவென்று இறங்கியது. "இன்னாக்கா, ஸ்லிம்மாயிட்ட!" என்று கடையில் கேலி செய்தார்கள். எனக்கும் மனசு குளிர்ந்துதான் போனது. அப்புறம்தான் தலை கொட்ட ஆரம்பித்தது.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். "ஏம் காதம்மா, ஒன்றும் ஆகாது" என்று தெலுங்கும் தமிழுமாகச் சிரித்தார். எடை வேகமாக இறங்கினால் சிலருக்கு இப்படிக் கொட்டும், முட்டையும் பருப்பும் சாப்பிடுங்கள், சில மாதத்தில் முளைத்துவிடும், நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள் என்றார். சில மாதமாம்! அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். பிள்ளை பிறந்து நான் மலையேறும்போது தலையில் என்ன மிச்சம் இருக்கும்?

இப்போதே போய்க் கொடுத்துவிடட்டுமா என்று நாத்தனாரைக் கேட்டேன். அவள் சீறினாள்.

"உனக்கு இன்னா, புத்தி கெட்டுப்போச்சா அண்ணி? பொண்ணு புள்ளத்தாச்சியா இருக்கச்சொல்ல பெத்தவ மொட்ட அடிப்பாளா? புள்ள மொகத்தப் பாத்துட்டு அடி. இல்லாட்டி பொம்பளைங்க குடுக்கற மாதிரி மூணு கத்திரி முடி மட்டும் நறுக்கிக் குடு, போதும்."

"மொத்தமும்னு சொல்லிட்டேனே" என்றேன்.

மகளைப் பார்த்துவிட்டுத் திருப்பதியிலிருந்து திரும்பும் ரயிலில் பாதிப் பேர் சந்தனம் பூசிய மொட்டைகளாக இருப்பார்கள், பெண்களும்தான். எங்கள் பக்கத்தில் மொட்டையடித்த பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வகிடு அகன்று மண்டை தெரிகிற என்னைத்தான் பார்த்தார்கள். சித்தூர் வரைக்கும் தலையில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த மொட்டைகளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டே வருவேன். சொன்னதை முழுசாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்களே, பாவிகள்.

உதிர்ந்ததை எல்லாம் சுருட்டி, கடைக் கவர் ஒன்றில் போட்டு பீரோவில் வைத்தேன். கத்திக்கு வராத முடியைச் சாமி ஏற்பாரா? இரண்டு முறை கலைந்த வயிறு. நான் வாக்குத் தவறினால் அவரும் கையை விட்டுவிட்டால்? ஊசியால்தானே இளைத்தேன், இளைத்ததால்தானே கொட்டுகிறது என்று தோன்றியது. ஊசியை நிறுத்தினேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

நிறுத்தியும் கொட்டுவது நிற்கவில்லை. தாகம்தான் திரும்பி வந்தது. கடையில் வெறுங்காலோடுதான் நிற்போம். சேலையிலிருந்து விழுந்த குண்டூசி ஒன்று பாதத்தில் ஏறியது. சாதாரணக் குத்துதானே என்று விட்டேன். அது சீழ் வைத்து, காலே வீங்கி, ஒருநாள் கல்யாணச் சேலையைத் தோளில் போட்டபடியே கண்ணாடி முன்னால் சாய்ந்துவிட்டேன்.

கண் விழித்தபோது சித்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சர்க்கரை ஏறியிருக்கிறது, இன்னும் விட்டிருந்தால் காலுக்கே ஆபத்து என்றார்கள். மருந்தை எடுக்க பிரிட்ஜைத் திறந்த வீட்டுக்காரர், போடாத ஊசிகளைப் பார்த்துவிட்டு, பதறிப்போய் மகளுக்குப் போன் செய்துவிட்டார். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லி வைத்திருந்த பெண், எட்டு மாத வயிற்றோடு பஸ் ஏறி வந்து என் முன்னால் நின்றாள்.

"யாருடி உன்ன வரச் சொன்னது?" என்று கத்தினேன். ஊசியை ஏன் நிறுத்தினாய் என்று அவள் கேட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் சாமிகிட்ட இன்னா வேண்டிக்கினேன் தெரியுமா? எனக்கு வலி எடுக்கச்சொல்ல எங்கம்மா பக்கத்துல இருக்கணும். அவ்ளோதான் கேட்டேன். முடி போனா இன்னாம்மா? தல இருந்தாத்தானே கொண்டும்போய் வெப்ப?"

சொல்லும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "இழுக்குதும்மா." நர்ஸ் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் காலை அசைக்க முடியாமல் கிடந்தேன். முடியையா காப்பாற்றப் பார்த்தேன்? என் பெண்ணைக் கொண்டுவந்து இங்கே தள்ளிவிட்டேனே! சாமி, என்னை மொட்டையாகவே வைத்துக்கொள், ஒரு மயிரும் வேண்டாம், அவளை விட்டுவிடு என்று வாய்விட்டுக் கதறினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அவளைத் திரும்ப அழைத்து வந்தார்கள். அன்றோடு அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கால் ஆறி நானும் வீடு திரும்பினேன்.

இன்னும் பிரசவம் ஆகவில்லை. முடி கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பயமும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊசியை மகளே போட்டுவிடுகிறாள். அப்புறம் என் தலையை வாரி, சீப்பில் வந்ததைச் சுருட்டிக் கவரில் போடுகிறாள். போன வாரம் போடும்போது மலை இருக்கிற பக்கம் திரும்பிச் சொன்னாள்: "இந்தா சாமி, இதுவும் உன்னுதுதான். மீதிக்கு எங்கம்மா முழுசா வருவா."