மாவு ஃபிரிட்ஜுக்குத் தனி லைன்

கார் ஷெட்டின் வாசலை அடைத்து ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் நங்கையா உட்கார்ந்திருந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். உள்ளே புது கிரைண்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாகிவிட்டது. இரண்டு அண்டாக்களில் அரிசியும் உளுந்தும் ஊறி உப்பியிருந்தன. சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. "எர்த் போடாம இந்த மிசினு ஓடாதுங்க. ஓட்டறதுன்னா என்னத் தாண்டிப் போய் ஓட்டுங்க" என்றார். கம்பெனிக்குப் போகிற காக்கிக் கோட்டைச் சேலைமேல் மாட்டியிருந்தார். அன்று அவர் வேலைக்கும் போகவில்லை, எங்கள் கிரைண்டரும் ஓடவில்லை. ஊறிய அரிசி புளித்து வாசம் அடிக்க அடிக்க எனக்கு அவர்மேல் கோபம் ஏறியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் வீட்டுக்காரர் வேலை செய்த மில்லை மூடிவிட்டார்கள். பீளமேட்டில் எங்கள் வீட்டோடு சேர்ந்து மாமனார் காலத்துக் கார் ஷெட் ஒன்று இருந்தது. கார் எப்போதோ போய்விட்டது. சுற்றிலும் கல்லூரிகள், மாணவர் விடுதிகள், மெஸ்கள். இட்லி மாவு ஆட்டிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவள் நான். கிரைண்டர் ஒன்று, பழைய பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று, சுவரில் பிளக்கு இரண்டு. இவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலை.

நங்கையா கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தார். வெளியே போகும் ஒவ்வொரு மோட்டாரிலும் மின்சாரம் அதன் இரும்புக் கூட்டுக்குக் கசிகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. வீட்டிலும் அதே கண்தான். ஷெட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "கீழ ஈரத் தரை, மேல இரும்பு மிசினு, நடுவுல செருப்பில்லாத காலு. இதுக்கு மேல என்ன வேணும்?"

மறுநாளே ஆள் வைத்துப் பின்புறம் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, கசிகிற கரண்டு பூமிக்கு இறங்க எர்த் போட வைத்தார். ஷெட்டுக்கென்று தனி லைன் இழுத்து, அதில் இ.எல்.சி.பி. என்ற பெட்டியை மாட்டினார். எங்கள் தெருவில் யாரும் அதைப் பார்த்ததில்லை. அது எதற்கு என்று நான் சலிப்போடு கேட்டேன். "போன கரண்டு அத்தனையும் திரும்பி வரோணும் அம்மணி. கொஞ்சம் குறைஞ்சாலும் வேற எங்கியோ பூமிக்கு இறங்குதுன்னு அர்த்தம். அது உங்க ஒடம்பு வழியாவும் இருக்கலாம். அந்தப் பொட்டி அதக் கண்டுபுடிச்சுக் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நிறுத்திப்போடும்." இதைவிட எளிதாக யாரும் எனக்கு மின்சாரத்தைச் சொன்னதில்லை.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. நான்கு மெஸ்கள் வாடிக்கை. ஒரு சித்திரை மாதம், சோமனூரில் சொந்தக்காரர் கல்யாணம். காலையிலேயே கிரைண்டரைக் கழுவிவிட்டு எல்லோரும் கிளம்பினோம். கழுவிய தண்ணீர் அதன் சுவிட்சுப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. நாங்கள் போன பிறகு இ.எல்.சி.பி. விழுந்து, கரண்டு நின்றுவிட்டது. ஃபிரிட்ஜுக்கும் அதே லைன்தான். சாயங்காலம் வந்து பார்த்தால் அத்தனை மாவும் பொங்கி, ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் வழிந்து, தரையெல்லாம் புளிப்பு. என் வீட்டுக்காரர் கத்தினார். "இந்தப் பொட்டிய மாட்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன்ல!"

நங்கையா எதிர்த்துப் பேசவில்லை. "தப்பு என்னுதுதான். ரெண்டையும் ஒரே பொட்டியில கோத்திருக்கக் கூடாது. கிரைண்டர் கசிஞ்சதுக்கு ஃபிரிட்ஜுக்கு எதுக்கு தண்டனை?" என்றார். மறுநாள் விடியற்காலையில் நான்கு மெஸ்ஸுக்கும் அவரே நடந்துபோனார். மாவு இல்லை என்று சொல்லி, காரணம் தன் தப்புதான் என்றும் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் பெயரை எங்கும் இழுக்கவில்லை. ஃபிரிட்ஜுக்குத் தனி லைனும் தனிப் பெட்டியும் போட்டுவிடலாம், சாமான் வந்து சேரப் பத்து நாளாகும் என்றார். அதற்குள் கம்பெனி வேலையாக வெளியூர் போக வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில்தான் நாங்கள் அந்தக் காரியத்தைச் செய்தோம். வீட்டுக்காரர் ஒரு வயர்மேனைக் கூட்டிவந்து, எந்தப் பெட்டிக்கும் போகாமல் மெயினிலிருந்து ஃபிரிட்ஜுக்கு நேராக வயர் இழுக்கச் சொன்னார். ஃபிரிட்ஜ் ஒருபோதும் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. எர்த் வயரைக்கூட இணைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காம் நாள் ஃபிரிட்ஜின் கைப்பிடியைத் தொட்டபோது விரல் நுனியில் சுர்ரென்றது. பிரமை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் முழங்கை வரைக்கும் ஏறியது. அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஃபிரிட்ஜை நிறுத்துவார்கள், மறுபடியும் மாவு கெடும், மறுபடியும் சண்டை வரும். கைத்துணியை மடித்துப் பிடித்துக் கதவைத் திறக்கப் பழகிக்கொண்டேன். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று இன்று புரிகிறது.

நங்கையா ஊரிலிருந்து வந்த மறுநாள் காலை ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நான் துணி வைத்துக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். "அம்மணி, கைய எடுங்க" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். போய் மெயினை அணைத்துவிட்டு வந்து ஃபிரிட்ஜை நகர்த்தினார். பின்னால் ஃபிரிட்ஜின் வயர், எலி கடித்து, ஈரம் கோத்து, அதன் தகர உடம்பில் சாய்ந்து கிடந்தது. புது வயர் மெயின் வரைக்கும் ஓடுவதையும் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. உள்ளே இருந்த மாவுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கு நடந்தார். "ஏனுங்க, மத்தியானம் வரைக்கும் உங்க ஃபிரிட்ஜுல கொஞ்சம் எடம் குடுங்க." ஐந்து வீடுகளில் எங்கள் மாவு குளிர்ந்தது. ஒரு மெஸ்ஸுக்கும் அன்று மாவு தவறவில்லை.

பிறகு உட்கார்ந்து, வந்து சேர்ந்திருந்த சாமானை வைத்து, ஃபிரிட்ஜுக்கென்று தனிப் பெட்டி, எர்த், புது வயர் எல்லாம் போட்டு முடித்தார். சமையலறை ஜன்னலில் ஒரு சின்னச் சிவப்பு பல்பும் வைத்தார். அது எரிந்தால் ஃபிரிட்ஜுக்குக் கரண்டு இருக்கிறது, அணைந்தால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். நிற்கவே நிற்காத ஃபிரிட்ஜ் என்று ஒன்று கிடையாது, நின்றால் உடனே தெரிந்தால் போதும் என்றார்.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தானக்கா வயர் இழுக்கச் சொன்னேன்" என்றார்.

"தெரியுமுடா" என்றார் நங்கையா. அவ்வளவுதான்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இத்தனை நாளாக ஷாக் அடித்ததை மறைத்தேன் என்று அவரிடம் சொல்லி அழுதேன். அவர் என்னைத் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் அவர் சொன்னார்: "மாவு கெட்டப்ப இந்த ஊட்டுல அத்தன சத்தம் போட்டோம். அப்பறம் உங்களுக்குச் சொல்ல எப்படி வாய் வரும்? அது உங்க தப்பு இல்லீங்க அம்மணி."

இப்போது எங்கள் மாவுக் கம்பெனி சூலூரில் இருக்கிறது. பெட்டிகளும் எர்த்தும் இல்லாமல் எதுவும் ஓடாது. அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். நங்கையா ஓய்வு பெற்றுவிட்டார், வந்தால் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். நான் அவரிடம் கற்றதாக நினைப்பது வேறொன்று. எங்கள் மிஷின்களில் வேலை செய்யும் பெண்கள் எப்போதாவது தயங்கித் தயங்கி வந்து நிற்பார்கள். "அக்கா, ஒரு மாதிரி சுர்ருங்குது. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ." ஆர்டர் வண்டி வாசலில் காத்துக்கொண்டிருக்கும். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதலில் அந்தப் பெண் உட்கார ஒரு நாற்காலி போடுகிறேன்.