தடித்த எழுத்தில் ஓர் எண்

செல்லியம்மாள் கறுத்துக்கொண்டு வருவதை முதலில் கவனித்தவன் அவள் புருஷன் ஏகநாதன்தான். கவனித்துவிட்டுச் சிரித்தான்.

"ஏசியில வேலை செய்றவ, எப்டிமே இப்டி கறுத்துகினே போற?"

சோழிங்கநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. பெரும்பாக்கம் குடியிருப்பின் ஏழாவது மாடியிலிருந்து ஆறு மணிக்கு இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் கட்டிடத்துக்குள் போய்விடுவாள். அவன் கேட்டதும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ரேகைகள் மசி தடவியதுபோல் இருந்தன.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. உட்காரத் தெரியாதவள் என்று அந்த பிளாக்கில் பெயர். லிஃப்ட் ஓடாத நாட்களில் பக்கத்து வீட்டுக் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு படியேறுவாள். ஆற்றோரத்துக் குடிசையை அரசாங்கம் இடித்து இங்கே கொண்டுவந்து இறக்கியபோது ஏகநாதன் ஒரு மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான். மூன்றாம் நாளே வேலை தேடிக் கிளம்பியவள் அவள்தான். அதற்கும் வெகு முன்பு, மகள் ரோஹிணி கைக்குழந்தையாக இருந்தபோது, செல்லியம்மாளுக்கு நெஞ்சில் டிபி வந்தது. ஆறு மாதம் மாத்திரை விழுங்கிவிட்டு எழுந்து நடமாடத் தொடங்கினாள். பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொரு வேலையாக அவள் கையை விட்டுப் போயிற்று. பக்கத்து வீட்டுக் குடம் நின்றது. படியில் ஒவ்வொரு மாடிக்கும் உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை. சட்டென்று எழுந்தால் கண் இருட்டியது. ஊறுகாயை மட்டும் விரலால் வழித்து வழித்துத் தின்றாள். கஞ்சியில் உப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டாள்.

"பிரஷர் ஏறிப்பூடும்மே" என்று ஏகநாதன் உப்பு டப்பாவை எட்டாத அலமாரியில் வைத்தான்.

ஒரு நாள் சாயங்காலம் ஏகநாதன் தன் ஷேர் ஆட்டோவில் மேடவாக்கம் சவாரியை முடித்துவிட்டு வந்தபோது அடுப்பு பற்றவைக்காமலே கிடந்தது. அவள் பாயில் சுருண்டிருந்தாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாள் பூரா ஷேர் ஆட்டோ ஓட்டிகினு வர்றேன். ஒரு வாய் சோறாக்க முடில உனுக்கு?"

"எயுந்துக்க முடிலய்யா. சோம்பேறித்தனம் இல்ல, சத்தியமா" என்றாள். அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லை என்பது அவனுக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ரோஹிணிக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அம்மாவைப் பார்த்துப் பயந்துபோய் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் அவள் செல்போனுக்கு வந்தது. வரிசையாக எண்கள், ஒன்றே ஒன்று மட்டும் தடித்த எழுத்தில். டிஎஸ்எச் ஒன்பது. நாலரைக்குள் இருக்க வேண்டுமாம்.

"தைராய்டுதான் நைனா" என்றாள் ரோஹிணி போனில் அப்பாவிடம். அவள் குரலில் நிம்மதி. "அசதி எல்லாம் இதுனாலதான். டெய்லி மாத்திரை போட்டா சரியாப்பூடும்."

கிளினிக் டாக்டரும் அந்த எண்ணைப் பார்த்து அதையேதான் சொன்னார். ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதியாகிவிட்டது.

திட்டியது ஏகநாதனுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. மாத்திரை கொடுக்கும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். தினமும் காலையில், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அரை மணி கழித்து ரோஹிணி போன் செய்வாள்: "போட்டுகினியாம்மா?"

இரண்டாவது வாரம் வாந்தி ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டாள்.

"இந்த மாத்திரை எனுக்கு ஒத்துக்கலய்யா. வேணாமே."

"ஒரு மாசமாவது ஆவணும்னு டாக்டரு சொன்னாரு இல்ல? நடுவுல உடக்கூடாது. வாயத் தொற."

அவள் வாயைத் திறந்தாள்.

பத்தொன்பதாம் நாள் குளியலறையில் விழுந்தாள். தன் ஆட்டோவிலேயே தாம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பிரஷர் கருவியில் எண்ணே வரவில்லை. ஹேமாவதி என்ற டாக்டர் வந்தார். கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்குவதற்கு முன்பே அவள் ஈறுகளையும் உள்ளங்கையையும் பார்த்தார்.

"முன்னாடி எப்பவாவது டிபி வந்திருக்கா இவங்களுக்கு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் ஊசி போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள். மறுநாள் செல்லியம்மாள் கண் விழித்து, "ரோஹிணி சாப்ட்டாளா?" என்று கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்றுதான் அப்பாவும் மகளும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. அன்று மதியம் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் ஏகநாதன் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஹேமாவதியிடம் போனான்.

"ஒவ்வொரு வரியா சொல்லுங்கம்மா. எனுக்குத் தெரியணும்."

அவர் பேனாவால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "கிட்னிக்கு மேல சின்னதா ரெண்டு சுரப்பி இருக்கு, அட்ரினல்னு பேரு. பழைய டிபி அதை அரிச்சிடுச்சு. அதுல சுரக்கிற கார்டிசால்தான் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த மாதிரி ஆபத்துல அதோட அளவு தாராளமா ஏறணும். இவங்களுக்கு அந்த அளவு வெறும் ஒண்ணுதான் இருந்துச்சு. ஈறும் உள்ளங்கையும் கறுத்ததும் அதனாலதான். இது சோடியம், ரொம்பக் கீழே. உடம்புல உப்பு நிக்கவே இல்லை. உப்பு கேட்டாங்களா?"

"கேட்டா" என்றான். "அப்போ தைராய்டு?"

"கார்டிசால் இல்லாத உடம்புல டிஎஸ்எச் தானாவே கொஞ்சம் ஏறும். முதல்ல இதைக் கண்டுபிடிச்சு கார்டிசால் குடுத்திருந்தா, அது தன்னாலயே இறங்கியிருக்கலாம்."

"மாத்திரை?"

ஹேமாவதி பேனாவை மூடினார். "தைராய்டு மாத்திரை உடம்பை வேகமா ஓடவைக்கும். மிச்சம் மீதி இருந்த கார்டிசாலும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனாலதான் இதை முதல்ல சரி பண்ணணும்."

"நான்தாம்மா குடுத்தேன். வாணாம்னா அவ."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நாங்கதான் கேட்டிருக்கணும்."

அங்கிருந்து நேராகக் கிளினிக்குக்குப் போனான். வழியெல்லாம் கத்த வேண்டிய வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனான். டாக்டர் இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்தார்.

"டிபி வந்திருந்ததுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலியே சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே பெஞ்சில் ஒரு பெண் காய்ச்சல் குழந்தையோடு காத்திருந்தாள். ஏகநாதன் சேர்த்துவைத்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டு, தாள்களை மடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டில் ரோஹிணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா போன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க நைனா? மாத்திரைய லேட்டா ஆரம்பிச்சிட்டமா? நான் முன்னாடியே கூட்டிகினு போயிருந்தா..."

அவன் மகளைப் பார்த்தான். பத்தொன்பது நாளும் விடாமல் போன் செய்தவள்.

"அது வேற வியாதிம்மா. அந்தக் காலத்து டிபி உள்ளுக்குள்ள ஒரு சுரப்பிய அரிச்சிட்சாம். யாராலயும் கண்டுபுடிச்சிருக்க முடியாதாம்."

கடைசி வாக்கியத்தை டாக்டர் சொல்லவில்லை. ரோஹிணி அவன் மடியில் விழுந்து அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபின் இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை அவளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பஸ் திரும்பி மறைந்தபிறகும் அங்கேயே நின்றான். மேடவாக்கம், மேடவாக்கம் என்று கூவிக்கொண்டு மற்ற ஆட்டோக்கள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.