வெள்ளைக்காரன் மேப்புல சாமி

மேப் விக்கிற வேலைன்னா, வழி தெரியாதவனுக்கு வழிய வித்துட்டு அவன்கிட்டயே திட்டு வாங்குறது. கவுண்டருக்குப் பின்னால நின்னு கால் வீங்குன சொந்தங்களே, உங்களுக்கு நான் சொல்லணுமா? எழுபதுகள்ல மலாய் நாட்டுல, ஈப்போவுல ஒரு மேப் ஆபீஸ்ல நின்னேன். பாதி மேப்பு வெள்ளைக்காரன் காலத்துது. வர்ற ஆளுங்க அதுக்கும் முந்தின காலம்.

நீலமா இருந்தா தண்ணி

சிலிபின்லேருந்து ஒரு மச்சான், தூண்டில் பைத்தியம். ஆயர் தாவார் பக்கத்து ஏரி மேப்பக் கேட்டாரு. ரொம்பப் பழசு, இப்ப எப்படியோன்னு சொல்லித்தான் குடுத்தேன். மோட்டர் சைக்கிள்ல போனவரு இடுப்பு வரைக்கும் சேத்தோட திரும்பி வந்தாரு. ஏரி சுருங்கி கோரை மொளச்சுக் கெடக்காம். மேப்ப என் மூஞ்சிக்கு நேரா விரிச்சாரு.

"இதுல நீலமா இருக்குலா, தண்ணிய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

கடைசி எழுத்து

அதே ஏரிப் பக்கத்துத் தோட்டத்துலேருந்து கோயில் தலைவர் வந்தாரு. பாக்கெட்டுல மூணு பேனா, ஒண்ணும் எழுதாது. தோட்டம் கைமாறிப் போச்சு, ரப்பர வெட்டிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போடப்போறாங்க. எடம் கோயிலோடதுன்னு அத்தாட்சி காட்டு, இல்லன்னா ஒடைச்சிருவேன்னு புது மேனேஜர் சொல்லிட்டாராம்.

தலைவர் கையில ஒரு பழைய மேப்பு. கோயில் இருக்கிற எடத்துல எஸ், டபிள்யூ, ஏ, எம். அதுக்கப்புறம் மடிப்புல தேஞ்சு போச்சு. 'சுவாமி'ன்னு வெள்ளைக்காரனே எழுதிட்டுப் போயிட்டானாம்! நல்ல பிரதியா ஒண்ணு வேணுமாம். எடுத்துக் காட்டுனேன். தலைவரே, இது சுவாம்ப், சேத்துக்காடு, கடைசி எழுத்து 'பீ'ன்னேன். மனுசன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு.

"சாமி பேர்ல அந்த எழுத்த சேக்காத தம்பி, வாயக் கழுவு."

தா பாயா

மறுவாரம் மேனேஜரையே இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. கோட்டு, கண்ணாடி, பேச்சு பூரா மூக்கால. நான் மேப்ப விரிச்சேன். தலைவர் கண்ண மூடி என்னமோ முணுமுணுக்கிறாரு. கோயில் போச்சுன்னுதான் நானும் நெனச்சேன்.

மேனேஜர் படிச்சாரு. கோயிலச் சுத்தி சேறு எம்புட்டு தூரம்னு வெரலால தடவிப் பாத்தாரு. அப்புறம் மூக்கால, 'பாயா... ஆ, தா பாயாலா'ன்னாரு. மலாய்ல பாயான்னா சேத்துக்காடு. தா பாயான்னா வேணாம், விட்டுத்தள்ளு. அந்தச் சேத்துல செம்பனை நட்டா நட்டவனே முங்கிருவான், கோயில் அங்கயே கெடக்கட்டும்னுட்டுப் போயிட்டாரு. தலைவர் மெதுவா ஒரு கண்ணத் தொறந்தாரு.

"இப்பவாச்சும் ஒத்துக்க தம்பி, வெள்ளைக்காரன் சாமின்னுதான் எழுதியிருக்கான்."

இத்தன வருசத்துல நான் கண்டது, மேப்ப ஒழுங்காப் படிச்சவன் ஒருத்தனும் ஜெயிச்சதில்ல.