சட்டைக்கையை மடித்த மதியம்

ஆங்கிலத்தில் ‘சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொள்வது’ என்றால் வேலையில் முழுமூச்சாக இறங்குவது. நாம் வரிந்துகட்டிக்கொண்டு இறங்குகிறோமே, அதேதான். பெருந்துறையில் நான் பேக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் சட்டை கம்பெனியில், இளைய முதலாளி வாரக் கூட்டம் தவறாமல் இதைச் சொல்வார். சொல்லும்போது அவருடைய கைப் பட்டன் மணிக்கட்டில் பத்திரமாக இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் நான்கு மணிக்குத் தூத்துக்குடி லாரி கிளம்ப வேண்டும். மதியம் பார்த்தால், மீடியம் சட்டைகளின் கவர்களில் லார்ஜ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். லாரி நின்றால் என் வேலையும் போகும்.

“தப்பு என்னுதுங்க. நாலு மணிக்குள்ள மாத்திப்போடறனுங்க” என்றேன் இளைய முதலாளியிடம். என் ஆட்களை எனக்குத் தெரியும். முடியும் என்றுதான் சொன்னேன்.

நானும் பேக்கிங் பெண்களும் பெட்டிகளைப் பிரித்து, ஸ்டிக்கரை மாற்ற உட்கார்ந்தோம். இளைய முதலாளி பார்க்க வந்தார். உடனே பெண்கள் எல்லாரும் எழுந்தார்கள். லோடுமேன்கள் பெட்டியைக் கீழே வைத்து, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு நின்றார்கள். முதலாளி முன்னால் மடித்துக் கட்டி நிற்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. “ம், பாருங்க பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் மறுபடி வந்தார். மறுபடி எல்லாரும் எழுந்தார்கள். மூன்றாம் முறை எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க சார், நீங்க வந்தா வேலை நின்னுபோகுதுங்க. ஒண்ணு எங்ககூட உக்காருங்க, இல்லீன்னா ஆபீஸ்லயே இருங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு பட்டனைக் கழற்றி, முழங்கை வரை மடித்துவிட்டு, ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து ஸ்டிக்கர் உரித்தார். முதல் கவரைக் கிழித்தும் விட்டார். “ஓரத்துல இருந்து எடுங்க சார்” என்று பக்கத்திலிருந்த பெண் செய்துகாட்டினார்.

லோடுமேன்களில் மூத்தவர் மட்டும் தயங்கி நின்றார். முதலாளியின் முழங்கையைப் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.

நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது லாரி கிளம்பியது. “நாளைக்கு வர்ற லாட்டையும் நீங்களே பாத்துருங்க” என்றார் முதலாளி. வேலை தப்பியது. நிம்மதியில் கண் கலங்கியதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் பேக்கிங் ஹாலுக்குள் நுழைந்ததும் மூத்தவர் முதலில் அவர் மணிக்கட்டைத்தான் பார்த்தார். பட்டன் போட்டிருந்தது. பெட்டியைக் கீழே வைத்து, லுங்கியை இறக்கிவிட்டு நின்றார்.

முதலாளி அவசரமாகப் பட்டனைக் கழற்றினார்.