சாமி இருக்கிற பக்கம்

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தின் கப்பல் டிக்கெட் கவுன்டரில் நாளெல்லாம் கத்திவிட்டு வரும் உதயசூரியனுக்கு, அந்த வெண்கலக் காசைப் பார்த்தால்தான் கோபம் தணியும். பழைய ரோமானியக் காசு. கரூர் ஆற்று மணலில் கிடைத்தது. ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் இறக்கை விரித்த தேவதை என்று பன்னிரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தார். பச்சைக் களிம்புதான் அதன் வயதுக்குச் சாட்சி என்று யாரையும் தொடவிட்டதில்லை.

ஆயுத பூஜையன்று அவர் மனைவி வைஜெயந்தி, காசின் தேவதைப் பக்கத்தை மட்டும் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் இட்டுப் பூஜையில் வைத்துவிட்டார்.

“அறிவிருக்கா உனக்கு? ஆயிரத்து அறுநூறு வருஷக் களிம்புடி! சத்யானாஸ்! எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டியே!”

“நீங்கதானே தேவதைன்னு சொன்னீங்க? சாமிய அழுக்கோடவா வைக்கிறது?”

மறுபடி கத்தப்போனவர், காசைக் கண்ணருகே கொண்டுபோனார். இறக்கை என்று அவர் சொல்லிவந்தது ஒரு கேடயம். குதிரையிலிருந்து விழுந்தவனை ஈட்டியால் குத்திக்கொண்டிருந்தான் ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாயின் தலையில் குங்குமம்.

“என்னங்க,” என்றார் வைஜெயந்தி. “இப்பதானே சாமி நல்லா தெரியுது?”