மலையேற வந்தவர் எங்கள் காருக்கடியில் படுத்தார்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை அடிவாரத்தில் நடந்தது இது.

நாங்கள் செஞ்சியில் நெல் வியாபாரம் செய்யும் சமணக் குடும்பம். வியாபாரத்தை விட்டால் என் கணவருக்கு ஒரே பைத்தியம், பழைய கார். நான் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கி, எப்போதோ ஓய்ந்துபோன ஒரு பியட்டை எங்கிருந்தோ லாரியில் ஏற்றி வந்து, குடோனை ஒட்டிய கொட்டகையில் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு நானும் இல்லை, மகளும் இல்லை. எனக்கு வாய்த்த சக்களத்தி என்றுதான் அந்தக் காரைச் சொல்வேன்.

அந்தக் காலத்துக் கார் என்பதால் அதில் சீட் பெல்ட் கிடையாது. பெல்ட் இல்லாமல் நானும் மகளும் ஏறமாட்டோம் என்று ஒரே பிடிவாதமாக இருந்தேன். பழைய இரும்புக் கடையில் ஏதோ ஒரு காரில் இருந்து கழற்றிய பெல்ட்களை வாங்கி வந்தார். அவை நீளமாக இருந்தன. உடனே கடைத்தெருவில் சீட் கவர் தைப்பவரிடம் கொண்டுபோய் அளவாக வெட்டி, சீட்டின் நிறத்துக்குப் பொருத்தமாக மெரூன் நூலில் இரட்டைத் தையல் போட்டு வாங்கி, காரின் தரையில் துளைபோட்டு போல்ட்டால் முடுக்கிவிட்டார். ரவிக்கைக்குக்கூட அவ்வளவு நேர்த்தியான தையலை நான் பார்த்ததில்லை. வாய்விட்டுப் பாராட்டினேன்.

முதல் சவாரியாகக் கோட்டைக்குப் போனோம். போய் நிறுத்தியதுதான் தாமதம், கார் அருகில் நின்று செல்பி எடுக்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. மலையேற வந்தவர்கள் எல்லாம் 'சூப்பர் சார்' என்று சொல்லச் சொல்ல, என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் முதுகில் பையை மாட்டிய ஒரு பெண் இருந்தார். முப்பது வயதிருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. சென்னைக்கு அருகில் கார்களை மோதவிட்டுப் பரிசோதிக்கும் இடத்தில் வேலையாம். கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை என்று சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்து பெல்ட்டைக் கையில் எடுத்தவர், தையலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். தரையில் இருந்த போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இங்க யாருங்க உக்காருவாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"என் பொண்ணு."

"இப்போதைக்கு உக்கார வைக்காதீங்க. இது தாங்காதுங்க."

கூட்டத்தின் முன்னால் இப்படிச் சொன்னால் என் கணவருக்குப் பொறுக்குமா? "இன்னாம்மா தாங்காது? யானையையே கட்டலாம் இதுல" என்றார். நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று கார்க் கதவின் படியில் காலை உதைத்துக்கொண்டு, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி இழுத்தார். முதல் இழுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அடுத்த இழுப்பில் 'டப்' என்று ஒரு சத்தம். மனிதர் மல்லாக்கத் தரையில் கிடந்தார். கையில் பெல்ட், அதன் நுனியில் போல்ட், போல்ட்டோடு உள்ளங்கை அகலத்துக்குத் துருப்பிடித்த தகரம். பட்டி பூசி பெயின்ட் அடித்து மறைத்திருந்த இடம் அது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரின் தரையில் விழுந்த ஓட்டை வழியாகக் கீழே சரளைக்கல் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு என் மகள் அங்கேதான் உட்கார்ந்து வந்தாள்.

அந்தப் பெண் அவரைத் தூக்கிவிட்டார். "கையில இழுத்ததுக்கே இப்படீங்ண்ணா. வண்டி மோதுனா பாப்பா உடம்பு இத விடப் பல மடங்கு இழுக்கும். தகரம் தப்பிச்சிருந்தா தையல் விட்டிருக்கும்" என்றார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. என் கணவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "இப்ப இன்னாம்மா பண்றது?" என்று கேட்டார். அவர் அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்தப் பெண் ஒருமுறை மலையை அண்ணாந்து பார்த்தார். மதியத்துக்கு மேல் ராஜகிரிக்கு ஏறவிடமாட்டார்கள். "நான் கூட வந்து பார்க்கட்டுங்களா?" என்றார்.

என் கணவர் மட்டும் காரை ஓட்டி வர, நாங்கள் மூவரும் ஆட்டோவில் பின்னால் போனோம். தெரிந்த வெல்டிங் பட்டறைக்காரரைக் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமையில் கடையைத் திறக்கவைத்தோம். அந்தப் பெண் ஒரு சாக்கை விரித்து, காருக்கடியில் படுத்துவிட்டார். ஸ்பேனரால் தட்டித் தட்டி, எது நல்ல தகரம், எது வெறும் பட்டி என்று சாக்பீஸால் குறித்தார். துருவை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து, போல்ட் வருகிற ஒவ்வொரு இடத்திலும் அடியில் கனமான இரும்புத் தகடு சேர்த்து வெல்டிங் செய்யச் சொன்னார். மகளை உட்காரவைத்து அளவெடுத்தார். "தோள்ல படியோணும், கழுத்துல உரசக்கூடாது. கீழ இடுப்பெலும்பு மேல இருக்கோணும், வயித்து மேல ஏறக்கூடாது" என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

வேலை முடியும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மலையும் போச்சு, போட்டிருந்த நல்ல சுடிதாரும் கிரீஸாகிப் போச்சு. எங்கள் வீட்டில் சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை. அவசர அவசரமாக அழைத்துப்போய்ச் சோறு போட்டேன். "அஞ்சரைக்கே ராத்திரி சாப்பாடுங்களா!" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். பிறகு போனிலேயே புது பெல்ட் எது வாங்க வேண்டும் என்று சொன்னார். மாட்டியதைப் படம் எடுத்து அனுப்பினால், "அந்தப் போல்ட்ட இன்னும் முடுக்கோணும், பெல்ட் முறுக்கியிருக்கு பாருங்ண்ணா" என்று திருப்பி அனுப்புவார். என் கணவர் முணுமுணுத்தபடியே செய்தார்.

போன வருடம் நெல் பார்க்க மூவரும் செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் போயிருந்தோம். பேச்சு இழுத்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்று என் கணவர் வேகமாக ஓட்டினார். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று களத்திலிருந்து திடீரென்று ரோட்டுக்குத் திரும்பியது. பிரேக் பிடித்தும் நிற்காமல் டிரெய்லரில் போய் மோதினோம். கண்ணாடி தூள்தூளாகிவிட்டது. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அப்போதுதான் "அம்மா" என்று குரல் கேட்டது. வாழ்நாளில் அந்த ஒரு சொல்லை அவ்வளவு இனிமையாக நான் கேட்டதில்லை.

கணவருக்கு முழங்காலில் அடி. எனக்குச் சிராய்ப்பு. மகளுக்குத் தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாக ஒரு கன்றிய கோடு, அவ்வளவுதான். அது மறையும்வரை தினமும் மருந்து தடவிவிட்டேன். தடவும்போதெல்லாம் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். டிராக்டரில் மோதியதைச் சொன்னேன். "எல்லாரும் நல்லா இருக்கீங்களாக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அந்த பெல்ட்ட மறுபடி போட்டுடாதீங்க. ஒருக்கா மோதுனா அதோட வேலை முடிஞ்சுது. புதுசு மாத்தச் சொல்லுங்க அண்ணன" என்றார்.

அன்றைக்கு அவரும் ஒரு செல்பி எடுத்துக்கொண்டு, 'சூப்பருங்க' என்று சொல்லிவிட்டு மலையேறப் போயிருக்கலாம். மற்ற எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். அவர் ஒருவர் அப்படிப் போகாததால்தான், இன்று காலையிலும் பள்ளிக்கு நேரமாகிவிட்டது எழுந்திரு என்று என் மகளைப் பார்த்து என்னால் தொண்டை வலிக்கக் கத்த முடிந்தது.